பாவாயி டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் கழுத்து

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்கு வேண்டாமுங்க. ஜன்னலோரம் உக்காந்தா கண்ணு வெளிய போகும், கண்ணு போனா கழுத்தும் கூடவே போயிரும். இருவத்தாறு வருசப் பழக்கம், லேசுல விடுமா. நான் இப்படியே நேரா அந்தக் கண்டக்டர் முதுகப் பாத்துட்டு வந்துர்றேன்.

இந்தக் கழுத்து பெல்ட்டுங்களா? நீங்க வாய் தொறந்து கேக்கல, பாத்தீங்க. ரெண்டு வருசமா எல்லாரும் பாக்கறாங்க, எனக்குப் பாத்தாலும் கேட்டாலும் ஒண்ணுதான். வெள்ளகோவில் வரைக்கும் போறீங்களா? அப்பச் சரி. முக்கா மணி நேரம் ஆகும். இன்னிக்கு யாருகிட்டயாவது சொல்லலீன்னா எனக்கு நெஞ்சு அடைச்சுக்குமுங்க.

எம்பேரு சென்னியப்பன். டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறேன். வெச்சிருக்கறேனா, வெச்சிருந்தேனான்னு இன்னிக்கு மத்தியானத்துல இருந்து எனக்கே தெரியல. பாவாயி டிரைவிங் ஸ்கூல். பாவாயி எங்கம்மா பேரு. இந்தச் சுத்துவட்டாரத்துல கார் ஓட்டற பொம்பளைங்கள்ல பாதிப்பேரு எங்கிட்டக் கத்துக்கிட்டவங்க. உங்க மூஞ்சியில சிரிப்பு வருது பாருங்க, டிரைவிங் ஸ்கூல்காரன் பஸ்ஸுல போறானேன்னுதானே. அதுதாங்க கதையே.

வர்ற ஆவணி வந்தா ரெண்டு வருசம். கிருபாவதி டீச்சர்னு ஒருத்தங்க, கணக்கு டீச்சர், எங்கிட்ட வண்டி பழக வந்தாங்க. அவிங்களை ஒரு காட்டூருப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க, அங்க நேரத்துக்கு பஸ் கெடையாது. வீட்டுக்காரர் இல்ல, அவிங்களேதான் எல்லாத்துக்கும். நெம்ப நல்லவங்க. பொய் சொல்லத் தெரியாது. கிளட்சை முழுசா மிதிச்சீங்களா டீச்சர்னு கேட்டா, முக்காவாசி மிதிச்சேன் மாஸ்டர்னு சொல்லுவாங்க. அப்படி ஒரு ஆளு.

அன்னிக்கு ஒம்போதாவது கிளாஸ். சந்தை சிக்னல்ல நிக்கறோம். டீச்சர் ஸ்டியரிங்ல, நான் பக்கத்துல. பச்சை விழுந்துச்சு. டீச்சர் கிளட்சைப் பட்டுன்னு விட்டுட்டாங்க, வண்டி ஒரு குதி குதிச்சு ஆஃப் ஆயிருச்சு. பின்னாடி ஒரு முட்டை வண்டி. அவனும் பச்சையப் பாத்துக் கிளப்பிட்டான். டொக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பம்பர்ல ஒரு டம்ளர் வாயளவுக்கு நசுங்கியிருந்துச்சு.

முட்டை வண்டி ஓட்டுனவன் லோகுன்னு ஒரு பையன், முப்பது வயசிருக்கும். எறங்கி ஓடியாந்தான். "ஏனுங்கண்ணா, அடி ஏதாச்சும் பட்டுதுங்களா?" நான் எறங்கி நின்னு கழுத்தை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு திருப்பிக் காட்டுனேன். ஒண்ணுமில்ல தம்பி, உன் முட்டையப் போய்ப் பாருன்னேன். அவன் போய் அட்டை அட்டையாத் தூக்கிப் பாத்தான். டீச்சரும் கூட நின்னு பாத்தாங்க. நம்பமாட்டீங்க, அத்தனை அட்டையில ஒரு முட்டை உடையல. மூணு பேருமாச் சிரிச்சோம். அவன்தான் டீ வாங்கிக் குடுத்தான்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும், போன் வந்துச்சு. புது நம்பர். ஒரு பொம்பளப் புள்ள, குரல்ல அப்படியே தேன் ஒழுகுது. "வணக்கம் சார், இன்னிக்கு சந்தை சிக்னல்ல உங்க வண்டிக்கு ஆக்சிடெண்ட்டுங்களா சார்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்படித் தெரியும்? இன்னி வரைக்கும் தெரியாதுங்க. பம்பரைத் தட்டிக் குடுத்த டிங்கரிங் கடைக்காரன் மேல ஒரு சந்தேகம், டீக்கடைக்காரன் மேல ஒரு சந்தேகம். "கழுத்து வலிக்குதுங்களா சார்?" இல்லம்மான்னேன். "இப்பத் தெரியாதுங்க சார். மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும்." வெச்சுட்டேன்.

மறுநா காத்தால இன்னொரு நம்பர். மத்தியானம் இன்னொண்ணு. வலிக்குதுங்களா சார், மரத்துப் போகுதுங்களா சார், வீட்டுல தலைகாணி மாத்திப் பாத்தீங்களா சார். பெத்த மகன் அப்படிக் கேட்டதில்லீங்க என்னை.

புது நம்பரை எடுக்காம இருக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. என்ற சம்சாரம் சாந்தாமணியும் அதையேதான் சொன்னா. எப்படிங்க எடுக்காம இருக்கறது? என்ற காரு கூரை மேல என்ற நம்பர். ரெண்டு கதவுலயும் என்ற நம்பர். பின் கண்ணாடியிலயும் அதேதான். ஊரெல்லாம் சுத்திச் சுத்தி, கூப்பிடுங்க கூப்பிடுங்கன்னு நானே விளம்பரம் பண்ணிட்டுத் திரியறேன். புது நம்பர்னா எனக்குப் புது ஆளு, புது ஆளுன்னா பொழப்பு. ஒரு நாள் வெறி வந்து ரெண்டு நம்பரை பிளாக் பண்ணேன். அதுல ஒண்ணு ஒரு மில்லுக்காரரு, மூணு மருமகளுகளையும் சேர்த்துவுடக் கூப்பிட்டிருக்காரு. அவிங்க வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் ஒரு போன்கூட விடறதில்லீங்க.

மூணாம் நாள் காத்தால எந்திரிச்சதும் மொத சோலியா என்ன பண்ணேன் தெரியுங்களா. கழுத்தைத் திருப்பிப் பாத்தேன். அந்தப் புள்ள மூணு நாள்னு சொல்லியிருந்துச்சே. வலது பக்கம் திருப்பறப்ப ஒரு சுருக். லேசா. முன்னாடியே இருந்துச்சோ என்னமோ, யாரு கண்டது. சத்தியமாச் சொல்றேன், சுருக்னு இருந்துச்சு. கேட்டுக் கேட்டே கொண்டாந்துட்டாங்க.

பத்து நாள் கழிச்சு ஒரு ஆம்பளைக் குரல். ரங்கதுரைன்னு பேரு, ஆக்சிடெண்ட் கேஸ் புடிச்சு நஷ்டஈடு வாங்கிக் குடுக்கற புரோக்கர். அவன் சார்னு கூப்பிடல, மாஸ்டர்னான். அங்கதான் நான் விழுந்தேன். "மாஸ்டர், உங்களைத் தொந்தரவு பண்றாங்களாமே. நான் ஒருத்தன் உங்க கேஸை எடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா ஒரு பயலும் கூப்பிட மாட்டான்." நல்லாக் கேட்டுக்கங்க. பணத்துக்கு ஆசைப்பட்டுப் போனேன்னு ஊர்ல பேசறாங்க. நான் போன் நிக்கட்டும்னுதாங்க போனேன். சரி, கொஞ்சம் ஆசையும் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல.

லோகுப் பையனுக்கு ஒண்ணும் வராதேன்னு கேட்டேன். கேட்டேங்க, கேக்காம இல்ல. "இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்கும் மாஸ்டர், அவனுக்கென்ன." சரின்னு கையெழுத்துப் போட்டேன். எத்தனை பக்கமுன்னு எண்ணல. அவனே ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான், எந்த டாக்டருன்னு வேண்டாம். டாக்டரு என்ற கழுத்தைத் தொடக்கூட இல்ல, ரங்கதுரை மூஞ்சியப் பாத்தே எழுதுனாரு. வலது பக்கம் திரும்பாது, நிரந்தரம். அன்னிக்கு இந்த பெல்ட்டைக் கட்டுனது. "வீட்டுக்கு வெளிய கால் வெச்சாக் கட்டோணும் மாஸ்டர். கம்பெனி ஆளுக போட்டோ எடுப்பாங்க." போன் மட்டும் சொன்ன மாதிரி நின்னு போச்சு. அது வாஸ்தவம்.

அதுல இருந்து எனக்கு ஊருக்குள்ள எல்லாரும் கம்பெனி ஆளுகதான். பூக்காரி போனைத் தூக்குனா பயம். கோயில்ல சாமி பாக்கத் தலைய அண்ணாந்தா பயம். கேஸ் சிலிண்டரை சாந்தாமணி தூக்கிட்டுப் போவா, நான் பின்னாடியே வெறுங்கையோட போவேன். வீட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டு, பெல்ட்டை அவுத்துட்டு, இருவது தடவை இந்தப் பக்கம், இருவது தடவை அந்தப் பக்கம் திருப்புவேன். சாந்தாமணி அதைப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசாம சமையக்கட்டுக்குள்ள போயிருவா. அவ அப்படித்தான், எதையும் பெருசா எடுத்துக்க மாட்டா.

கேஸ் கோர்ட்டுக்குப் போனதும் ரங்கதுரை சொன்னான், வண்டியில கூட இருந்த டீச்சர் நமக்குச் சாதகமாச் சொன்னா நல்லதுன்னு. நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவிங்க அதுக்குள்ள லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய கார் வாங்கி, பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிட்டுப் போயிட்டிருந்தாங்க. காபி குடுத்தாங்க. விசயத்தைச் சொன்னேன். "மாஸ்டர், நீங்க கழுத்தைத் திருப்பிக் காட்டுனதை நான் பாத்தேனே" அப்படின்னாங்க. பாத்தீங்க டீச்சர், ஆனா சொல்லக் கூடாதுன்னேன். "எனக்கு அது வராதுங்க மாஸ்டர்." எனக்குக் கோவம் வந்துருச்சு. கோவம்னு இல்ல, இயலாமை. நீங்க அன்னிக்குக் கிளட்சை ஒழுங்கா விட்டிருந்தா எனக்கு இந்தக் கதி வருமாங்க டீச்சர்னு கேட்டுட்டேன். கண்ணுல தண்ணி வேற வந்துருச்சு எனக்கு. அவிங்க டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. ரொம்ப நேரம் வரல. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

இப்பத்தான் முக்கியமான எடம். கேளுங்க.

வண்டி பழக வர்றவங்க நாம சொல்றதக் கேக்கறதில்லீங்க. நாம செய்யறதப் பாத்துச் செய்வாங்க. கண்ணாடியப் பாரு, அப்பறம் தோள் மேல திரும்பிப் பாருன்னு வாய் கிழியச் சொல்லுவேன். ஆனா பக்கத்துல நான் பெல்ட்டைக் கட்டிக்கிட்டு மரத்துல செஞ்ச சாமி மாதிரி உக்காந்திருக்கேன். அவிங்களும் அப்படியே உக்காந்து ஓட்டுனாங்க. எனக்கு அது கண்ணுல படவே இல்ல. போன தை மாசம் லைசென்ஸ் டெஸ்ட்டு. எங்க ஸ்கூல்ல இருந்து எட்டு பேரு. எட்டு பேரும் ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒருத்தர்கூடப் பின்னாடி திரும்பல. ஒரு அம்மா கம்பத்துல ஏத்திட்டாங்க. பிரேக் இன்ஸ்பெக்டர் எறங்கி வந்தாரு. "என்ன சென்னியப்பா, உன் ஆளுங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல கழுத்து சுளுக்கா?" அப்பத்தான் என்ற பெல்ட்டைப் பாத்தாரு. சிரிப்பு நின்னு போச்சு. எத்தனை நாளாக் கட்டியிருக்கறேன்னு கேட்டாரு. சொன்னேன். கழுத்து திரும்பாதவன் கத்துக்குடுக்க முடியாது, திரும்பும்னு டாக்டர் சர்டிபிகேட் கொண்டா, இல்லைன்னா ஸ்கூல் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன்னுட்டாரு.

நேரா ரங்கதுரைகிட்ட ஓடுனேன். கேஸை வாபஸ் வாங்கிரப்பா, எனக்கு ஒண்ணும் வேண்டாமுன்னேன். அவன் கோவப்படவே இல்ல. "வாங்கலாம் மாஸ்டர். அப்பக் கழுத்து எப்பச் சரியாச்சுன்னு ஜட்ஜ் கேப்பாரு. பொய் கேஸ்னா மொதல்ல உள்ள போறது கையெழுத்துப் போட்டவருதான்." திரும்பும்னு ஒரு சர்டிபிகேட் வாங்குனா கம்பெனிக்காரன் கையில சிக்கும். வாங்கலைன்னா ஸ்கூல் போச்சு. நான் எந்தப் பக்கம் போறதுங்க, சொல்லுங்க.

அப்பத்தான் ஒரு நல்ல சேதி. கம்பெனி வக்கீலு கிருபாவதி டீச்சரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காருன்னாங்க. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. டீச்சர் உண்மையைத்தான் சொல்லுவாங்க. கழுத்தைத் திருப்பிக் காட்டுனாரு, ஒரு முட்டை உடையலன்னு சொல்லுவாங்க. கேஸ் தள்ளுபடி ஆகும், நான் பெல்ட்டைக் கழட்டி வீசிட்டு இன்ஸ்பெக்டர் முன்னாடி போய் நிப்பேன். டீச்சர்கிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்கன்னு சாந்தாமணி சொன்னா. எதுக்குன்னேன். எதுன்னாலும் உண்மையைச் சொல்லற ஆளுகிட்டப் போயி உண்மையைச் சொல்லுங்கன்னு கேக்கறதா? எனக்கு மூஞ்சியும் இல்ல, அதையும் சொல்லிர்றேன்.

பங்குனியில சாட்சி. டீச்சர் கூண்டுல ஏறுனாங்க. லோகுப் பையனும் வந்திருந்தான், ஓரமா நின்னுட்டிருந்தான். கம்பெனி வக்கீல் தெம்பாக் கேட்டாரு, "அன்னிக்கு வண்டியில ஒரு முட்டைகூட உடையலையாமே, நீங்க பாத்தீங்கதானே?" டீச்சர் என்னைப் பாத்தாங்க. இந்த பெல்ட்டைப் பாத்தாங்க. அப்பறம் சொன்னாங்க, "மூணு அட்டை உடஞ்சுதுங்க ஐயா. தொண்ணூறு முட்டை. ரோடெல்லாம் ஒழுகிச்சு. மாஸ்டருக்கு அங்கயே கழுத்து திரும்பல."

கணக்கு டீச்சர் பாருங்க. பொய்யிலயும் கணக்கு சரியா இருந்துச்சு.

வக்கீல் கையில இருந்த பேப்பரை மடிச்சு வெச்சுட்டாரு. அவரு கூப்பிட்ட சாட்சி. நான் எந்திரிச்சு, இல்லீங்க ஐயா, அது பொய்யின்னு கத்தியிருக்கோணும். ரங்கதுரை என்ற தொடை மேல கைய வெச்சு அழுத்திட்டிருந்தான். லோகு மட்டும், "டீச்சர், ஒண்ணுகூட உடையலீங்களே டீச்சர்" அப்படின்னான், மெதுவா. பேசாம இருடான்னு அதட்டுனாங்க. அவன் இப்ப வண்டி ஓட்டறதில்லையாம். கேஸ் ஆச்சுன்னு மொதலாளி சாவிய வாங்கிட்டாராம், அதே மொதலாளி முட்டைக் கடையில அட்டை அடுக்கறானாம். அவனுக்கென்னங்க, வயசு இருக்குது.

வெளிய வந்து டீச்சர்கிட்டப் போனேன். ஏனுங்க டீச்சர் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். அவிங்களுக்கு நான் நன்றி சொல்ல வர்றேன்னு நெனப்பு. "நீங்க சொன்னதுதாங்க மாஸ்டர். அன்னிக்கு நான் கிளட்சை ஒழுங்கா விட்டிருந்தா உங்களுக்கு இது வந்திருக்காது. நீங்க சொன்ன நாள்ல இருந்து அது ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு. இன்னியோட சரியாப் போச்சுன்னு வெச்சுக்கங்க. இனிமே என்னைப் பாத்தா நின்னு பேசாதீங்க மாஸ்டர்." எனக்கு வேண்டாம் டீச்சர், நான் தோக்கோணும்னுதான் வந்தேன்னு சொல்ல வந்தேன். அதை எப்படிங்க சொல்றது, எங்க இருந்து ஆரம்பிக்கறது? அவிங்க காருல ஏறி உக்காந்தாங்க. கண்ணாடியப் பாத்தாங்க. தோள் மேல நல்லாத் திரும்பிப் பின்னாடி பாத்தாங்க. நான் பெல்ட் கட்டறதுக்கு முன்னாடி கத்துக்குடுத்த கடைசி ஆளாச்சே அவிங்க. ஒரு குறை சொல்ல முடியாது. அழகாத் திருப்பிட்டுப் போனாங்க, என்னைப் பாக்கவே இல்ல. எனக்கு அங்கயே உக்காந்து அழோணும் போல இருந்துச்சுங்க.

ஆனா நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேல? நான் பொய் சொல்லுங்கன்னு கேட்டப்ப மாட்டேன்னுட்டாங்க. உண்மைதான் வேணும்னு நான் உக்காந்திருக்கறப்ப வந்து பொய் சொல்றாங்க. அவிங்க ரெண்டு தடவையும் எனக்கு எதிராத்தான் பண்ணாங்க. நல்லவங்கதான், இல்லைன்னு சொல்லல. ஆனா நல்லவங்களை நம்பி ஒரு காரியத்துல எறங்கக் கூடாதுங்க.

இன்னிக்குத் தீர்ப்பு. ரெண்டே நிமிசம். ஜெயிச்சுட்டேன். தொகை எவ்வளவுன்னு கேக்காதீங்க, வேண்டாம். ஜட்ஜய்யா நெம்ப எரக்கப்பட்டு எழுதியிருக்காரு. இவர் இனி வாழ்நாள் முழுக்க டிரைவிங் கத்துக்குடுக்கும் தொழிலைச் செய்ய இயலாது, அதுக்குத்தான் இந்த நஷ்டஈடு, அப்படின்னு. படிச்சாங்க, நின்னு கேட்டேன். கோர்ட்டே எழுதிருச்சு. இனி நான் ஸ்டியரிங்ல கைய வெச்சா அது மோசடி. ரங்கதுரை கையக் குலுக்கி, "கம்பெனிக்காரன் அப்பீல் போவான் மாஸ்டர். இனிதான் நீங்க சாக்கிரதையா இருக்கோணும், பெல்ட்டைக் கழட்டிராதீங்க" அப்படின்னான். எத்தனை நாளைக்குப்பான்னு கேட்டேன். அவன் சிரிச்சான்.

இன்னொண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லல. இப்பக் கொஞ்ச நாளா, வீட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டுத் திருப்பறப்ப, வலது பக்கம் நெசமாவே பாதிதாங்க திரும்புது. பெல்ட்டுலயே கெடந்து இறுகிப் போச்சு போல. சாந்தாமணிகிட்டச் சொன்னேன். நான் கழுத்தைத் திருப்பறதைப் பத்தி அவ மொதத் தடவையா வாயத் தொறந்தா. "இனிமே நீங்க பொய் சொல்ல வேண்டியதில்ல" அப்படின்னா. எனக்கே அதுல ஒரு ஆறுதல்தாங்க. நடக்கப் போறதை முன்னாடியே சொல்லிட்டோம், அவ்வளவுதானே?

இதோ என்ற ஸ்டாப்பு வந்துருச்சு. நீங்க உக்காருங்க, நான் எறங்கிக்கறேன். இந்த எடத்துல எடது பக்கம் சந்துல பூந்து டூவீலர்காரனுக கண்ணு மண்ணு தெரியாம வருவானுக. எறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பாக்கோணும், எங்கிட்டப் பழகுன எல்லாருக்கும் மொத நாளே அதைத்தான் சொல்லுவேன். தம்பி, ஜன்னல்ல தலைய நீட்டி, பின்னாடி ஏதாச்சும் வருதான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குத் திரும்பக் கூடாது.